பாடலும் வாய்வாளாமையும்: பள்ளி மாணாக்கரும் நாட்டுப்பண்ணும்

தோற்றுவாய்

பள்ளி மாணாக்கர் நாட்டுப்பண்ணைப் பாடுதல் வேண்டுமா என்னும் வினா கேட்ட அளவில் எளியதாகத் தோன்றும். வேண்டும் என்பார் நாட்டுப்பற்றைக் காரணமாகக் காட்டுவர். கட்டாயம் ஆகாது என்பார் மனச்சான்றின் உரிமையைக் காட்டுவர். இரு திறத்தாரும் 'பாடுதல்' என்னும் சொல்லை வரையறை செய்யாமலே வழங்குதலின் வழக்கு முடிவு பெறுவதில்லை. பாடுதல் வாயின் தொழிலா, உள்ளத்தின் தொழிலா? பாடாதிருத்தல் இகழ்தலாகுமா? இவ்விரண்டும் தெளிந்தாலன்றி முதல் வினாவிற்கு விடை காண்டல் அரிது. சொல்லையும் பொருளையும் ஆராய்தலையே தொழிலாகக் கொண்ட தமிழ்த்துறையார்க்கும் இவ்வாராய்ச்சியில் இடம் உண்டு என்பது எம் கருத்து. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலைப் பள்ளிகளை நிலைக்களமாகக் கொண்டு, சட்டம் கூறுவதையும் தமிழ் மரபு கூறுவதையும் ஒருங்கு வைத்து ஈண்டு ஆராய்வாம்.

மலையும் மாணாக்கரும்

கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. கள்ளக்குறிச்சி, சேலம் முதலிய மாவட்டங்களில் அது பரந்து கிடக்கின்றது. வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு ஆகியவை கள்ளக்குறிச்சிப் பகுதியில் உள்ள ஊர்கள். இங்கு வாழ்வோருட் பெரும்பாலோர் மலையாளி என்னும் பழங்குடியினர். பெயர் பற்றி இவரைக் கேரள நாட்டினர் எனக் கொள்ளற்க. மலையில் வாழ்வோர் என்பதே ஈண்டுப் பொருள். இவர்தம் தாய்மொழி தமிழே. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் வாய்மொழி வரலாறு.

இம்மலை நெடுங்காலம் ஜாகிர்தார் ஆட்சியில் இருந்தது. நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிற்குப் பின்னரும் அவ்வாட்சி உடனே ஒழிந்திலது. 2024 ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சியில் நச்சுச் சாராயத்தால் அறுபதின்மருக்கு மேற்பட்டோர் இறந்ததை ஒட்டி, மலைமக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. ஜாகிர்தார் பிடியிலிருந்து இம்மலை முற்றும் விடுபட்டு அரசின் நேராட்சிக்குள் வந்தது 1976இல்தான் என்பதும், வாக்குரிமை இம்மக்களைச் சென்றடைந்தது 1990களில்தான் என்பதும் அவ்வழக்கில் எடுத்துரைக்கப்பட்டன. கள்ளக்குறிச்சி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி மாவட்டமானது 26-11-2019 அன்று.

இவ்வரலாற்றை ஈண்டுக் கூறுதற்குக் காரணம் ஒன்றுண்டு. நாட்டுப்பண்ணை மதித்தல் குடிமகன் ஒவ்வொருவனுடைய அடிப்படைக் கடமை என்று அரசமைப்பின் 51அ உறுப்பு கூறும். 42ஆம் திருத்தத்தின் வழியாக அவ்வுறுப்புச் சேர்க்கப்பட்டதும் அதே 1976ஆம் ஆண்டே. நாடு தன் மக்களுக்குக் கடமைகளை வரைந்தளித்த ஆண்டும், இம்மலையை நாடு முழுமையாகத் தன்பாற் கொண்ட ஆண்டும் ஒன்றாயின. கடமை முன்னரும் உரிமை பின்னருமாக வந்து சேர்ந்த மக்களின் பிள்ளைகளே இன்று காலைதோறும் அப்பண்ணைப் பாடுகின்றனர்.

அம்மலையில் ஒரு பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிற்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கிய கூட்டம் நாட்டுப்பண்ணுடன் முடிந்தது. பிள்ளைகள் உரத்த குரலில் ஒன்றாகப் பாடினர். முன்வரிசையில் நின்ற சிறுவன் ஒருவன் மட்டும் வாய் திறவாமல் நேராக நின்றான். ஆசிரியர் பார்வை ஒருமுறை அவன்மேற் பட்டு மீண்டது. பின்னர் அவனை அணுகி வினவியபோது, "சொல்லு சரியா வராதுங்க ஐயா, தப்பாச் சொன்னா சிரிப்பாங்க" என்றான். பாடிய பிள்ளைகளிடம் அப்பாட்டின் பொருளைக் கேட்டோம். "அது கடைசிப் பாட்டுங்க, அது முடிஞ்சா வகுப்புக்குப் போவோம்" என்று ஒரு சிறுமி விடை தந்தாள். பாடாத பிள்ளை பாட்டை மதித்தமையால் தவறாகப் பாட அஞ்சினான். பாடிய பிள்ளைகளுக்கோ பாட்டு மணியோசையோடு ஒத்த ஓர் அடையாளமாக நின்றது. இவ்விரண்டையும் உளங்கொண்டு மேலே செல்வாம்.

சட்டம் கூறுவது

இரவீந்திரநாத் தாகூர் இயற்றிய இப்பாட்டு 1911 டிசம்பர் 27 அன்று கல்கத்தாவில் நடந்த காங்கிரசு மாநாட்டில் முதன்முதற் பாடப்பெற்றது. ஐந்து பகுதிகளுள் முதற்பகுதியே நாட்டுப்பண்ணாக 24-1-1950 அன்று அறிவிக்கப்பட்டது. முழுவடிவம் பாட ஏறத்தாழ 52 நொடி ஆகும்.

1971ஆம் ஆண்டின் நாட்டு மதிப்புச் சின்னங்கள் இழிவுத் தடுப்புச் சட்டம், நாட்டுப்பண் பாடப்பெறுவதை வேண்டுமென்றே தடுப்பதையும், பாடும் கூட்டத்திற்கு இடையூறு செய்வதையும் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டம் விதிக்க இடந்தருகின்றது. தடுத்தலும் இடையூறு செய்தலுமே ஈண்டுக் குற்றங்கள். பாடாதிருத்தல் அவற்றுள் ஒன்றாகக் கூறப்படவில்லை.

இவ்வேறுபாடு ஐயமறத் தெளிந்தது கேரளத்து வழக்கொன்றில். கோட்டயம் மாவட்டத்துக் கிடங்ஙூர்ப் பள்ளியில் ஒரு குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் பயின்றனர். அவர் யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவினர். இறைவனையன்றிப் பிறிதெதனையும் வாழ்த்திப் பாடுதல் தம் சமயத்திற்கு மாறானது என்பது அப்பிரிவினர் கொள்கை. ஆகலின், நாட்டுப்பண் பாடும்பொழுது அம்மூவரும் எழுந்து நிற்பர், பாடார். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இதனைக் கண்டு அவையில் வினா எழுப்பினார். அரசு அமைத்த ஆய்வுக்குழு, பிள்ளைகள் சட்டத்திற்கு அடங்கியவர் என்றும் பண்ணை அவர் அவமதித்திலர் என்றும் அறிக்கை தந்தது. அதன் பின்னரும் 1985 ஜூலை 26 அன்று அவர்கள் பள்ளியினின்றும் நீக்கப்பட்டனர். கேரள உயர்நீதிமன்றம் அவர்க்குத் துணை நின்றிலது.

பிஜோ இம்மானுவேல் எதிர் கேரள அரசு எனப் பெயர் பெற்ற அவ்வழக்கில் உச்சநீதிமன்றம் 11-8-1986 அன்று தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம். எம். தத்தும் கூறியவற்றின் சாரம் வருமாறு: நாட்டுப்பண்ணைப் பாடியே தீரவேண்டும் என எவரையும் கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை, பாடும்பொழுது மதிப்புடன் எழுந்து நிற்றலே போதிய மதிப்பாகும், பேச்சுரிமையுள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கும், துறைச் சுற்றறிக்கை ஒன்றைக் கொண்டு அடிப்படை உரிமையைக் குறைத்தல் ஆகாது. பிள்ளைகளை மீண்டும் பள்ளியிற் சேர்த்துக்கொள்ளுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது.

இவ்வழக்கிற்கு முன்னோடியாக அமெரிக்க நாட்டு வழக்குகள் இரண்டு உள. பள்ளிப்பிள்ளைகள் கொடிவணக்கம் செய்தே ஆகவேண்டும் என 1940இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது. இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943 ஜூன் 14 அன்று, மேற்கு வர்ஜீனியா வழக்கில், தன் தீர்ப்பைத் தானே மாற்றிக் கட்டாயம் ஆகாது என்றது. போர்க்காலத்தில், தன் முன்னைத் தீர்ப்பு வந்து மூன்றே ஆண்டுகளில், ஒரு நீதிமன்றம் அவ்வாறு மாறியமை கருதத்தக்கது. அச்சம் மிக்க காலத்திலும் பிள்ளைகளின் வாயைக் கட்டாயத்தால் திறப்பது நாட்டிற்கு வலிமை சேர்க்காது என்பதே அம்மாற்றத்தின் உட்கிடை.

தமிழகத்து வழக்குகள்

தமிழகத்திலும் இதனோடு இயைந்த வழக்குகள் இரண்டு தோன்றியுள்ளன. முதலாவது, ஆசிரியர் தேர்வெழுதிய ஒருவர் தொடுத்தது. 'வந்தே மாதரம்' எம்மொழியில் எழுதப்பட்டது என்னும் வினாவிற்கு அவர் வங்கமொழி என விடை எழுத, அது பிழையெனக் கொள்ளப்பட்டு ஒரு மதிப்பெண்ணால் வாய்ப்பிழந்தார். 25-7-2017 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அவர்க்கு மதிப்பெண் வழங்கப் பணித்ததுடன், பள்ளிகளில் கிழமைக்கு ஒருமுறையேனும் அப்பாட்டைப் பாடவேண்டும் என்றும் கூறியது. பாடல் கடினமாயின் தமிழாக்கத்திற்கு வழிசெய்யலாம் எனவும், தக்க காரணத்தால் பாட இயலாதாரை வற்புறுத்தலாகாது எனவும் அவ்வாணையிலேயே இடம் வைத்தது. எம்மொழிப் பாட்டு என்பதே ஆசிரியராக வருவோர் தேர்வில் வழக்காகும் நிலையில், பிள்ளைகள் அதன் பொருளை யாரிடம் அறிவர் என்னும் வினா எழாமற் போகாது.

இரண்டாவது, தமிழ்த்தாய் வாழ்த்தைப் பற்றியது. மனோன்மணீயம் சுந்தரனார் 1891இல் வெளியிட்ட நாடகத்தின் பாயிரத்தினின்றும் எடுத்த பகுதி, 1970இல் அரசு விழாக்களின் வாழ்த்துப்பாடலாக அறிவிக்கப்பெற்றது. 2018இல் ஒரு விழாவில் அது பாடப்பெற்றபோது மடத்தலைவர் ஒருவர் எழாது அமர்ந்திருந்தமை பூசலாயிற்று. அதன் தொடர்பான வழக்கில் 2021 டிசம்பர் 6 அன்று உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, அஃது இறைவணக்கப் பாடலேயன்றி நாட்டுப்பண் அன்று என்றும், எழுந்து நிற்கவேண்டும் என ஆணை எதுவும் இல்லை என்றும் கூறியது. பதினொரு நாள் கழித்து, டிசம்பர் 17 அன்று, தமிழக அரசு அதனை மாநிலப்பாடலாக அறிவித்தது. மாற்றுத்திறனாளிகள் நீங்கலாக அனைவரும் எழுந்து நிற்கவேண்டும். முல்லைப்பாணியில் 55 நொடியிற் பாடவேண்டும். இசைத்தட்டைக் காட்டிலும் பயிற்சி பெற்றோர் வாயாற் பாடுதலே வேண்டப்படும் என அவ்வாணை வகுத்தது.

அவ்வாணையில் கட்டாயமாக்கப்பட்டது நிற்றல். ஒவ்வொருவரும் பாடுதல் அன்று. நிற்றல் உடலின் செயல், அவையின் ஒழுங்கு. அதனை ஆணை வேண்டலாம். பாடுதல் ஒருவன் தன் நாவாற் கூறும் உறுதிமொழி. நம்மொழி வாழ்த்திற்கு நாம் வகுத்த இவ்வளவுகோலையே நாட்டுப்பண்ணிற்கும் கொள்ளுதல் முறையாகும்.

தமிழ் மரபில் வாழ்த்தும் வாய்வாளாமையும்

சட்டம் இவ்வாறாக, தமிழ் மரபு யாது கூறும்? தொல்காப்பியர் செய்யுளியலில் வாழ்த்தியல் வகைகளை வகுக்கின்றார். வழிபடு தெய்வம் காக்க வழிவழி சிறப்பாயாக என்பது புறநிலை வாழ்த்து. முன்னர்க் கைப்பினும் பின்னர்ப் பயன்தரும் மருந்துபோலும் சொற்களால் அறிவுறுத்துவது வாயுறை வாழ்த்து. கடிந்துரைக்கும் சொல்லும் வாழ்த்தின்பாற் படும் என்பது இதனாற் பெறப்படும். வாழ்த்துவோன் தன் அறிவாலும் அன்பாலும் ஆராய்ந்து கூறுவதே வாழ்த்து என்பது மரபாயின், பொருளறியாது ஒலிக்கும் ஒலி வாழ்த்தாதல் யாங்ஙனம்?

மணிமேகலையின் முப்பதாம் காதை வினாவிற்கு விடையளிக்கும் நெறிகளை நான்காகக் கூறும். துணிந்து சொல்லல், கூறிட்டு மொழிதல், வினாவின் விடுத்தல், வாய்வாளாமை என்பன அவை. ஆகாயப்பூ பழையதோ புதியதோ என வினவுவானுக்கு மறுமொழி கூறாதிருத்தல் வாய்வாளாமைக்குக் காட்டாக வரும். பேசாதிருத்தலும் ஒருவகை விடையே என நம் முன்னையோர் அளவை நெறியில் வைத்து எண்ணினர். விடையாகிய ஒன்று அவமதிப்பாகாது. அதன் பொருள் யாது என அறிய முயலுதலே கேட்போன் கடன். கேரளத்துப் பிள்ளைகளின் வாய்வாளாமை சமயக் கொள்கையாற் பிறந்தது; கல்வராயன் மலைச் சிறுவனது நாணத்தாற் பிறந்தது. பிறிதொரு பிள்ளைக்குத் திக்குவாய் காரணமாகலாம். காரணம் வேறாயினும் மூன்றற்கும் தண்டம் மருந்தாகாது.

இன்னும் ஒன்று கூறுவாம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவலூர் மலையமான்களின் பழைய ஊர். அம்மலையமானின் சிறுவர்களை யானைக்காலில் இடச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டபோது கோவூர் கிழார் தடுத்துரைத்த செய்தி புறநானூற்றின் 46ஆம் பாட்டில் உள்ளது. அச்சிறுவர்கள் யானையைக் கண்ட வியப்பில் அழுகையை மறந்தவர்கள். ஆயினும் முன்னறியாத அம்மன்றத்தைக் கண்டு மருண்டு நின்றனர் எனப் புலவர் காட்டுகின்றார். புலவர் அரசனை எதிர்த்துச் சூளுரைக்கவில்லை. அவன் முன்னோரின் அருளை நினைவூட்டி, பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கச் செய்தார். கேட்டனையாயின் விரும்பியதைச் செய்க என்று முடித்தார். புதிய அவையில் மருண்டு நிற்கும் பிள்ளையைப் பகைவனாகக் காணாது பிள்ளையாகக் காணவேண்டும் என்பதே இப்பாட்டின் அறம். முதன்முறை பள்ளிக்கு வரும் மலைச்சிறுவன் காலைக் கூட்டத்தில் நிற்கும் நிலைக்கும் அவ்வறம் பொருந்தும்.

தடையும் விடையும்

இதற்குத் தடை கூறுவார் இருவகையர். ஒன்றாகப் பாடுதலே ஒற்றுமையை வளர்க்கும் என்பார் ஒருசாரார். அவர் கூற்றில் உண்மை உண்டு. கைகோத்து ஆடிப் பாடும் குரவை தமிழர் கண்ட கூட்டுக்கலை. சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியரும் குன்றக் குறவரும் குரவை நிகழ்த்துகின்றனர். ஆயின் அக்குரவைகள் யாவர் ஆணையால் எழுந்தன? தீய நிமித்தங்கண்ட ஆய்ச்சியர் தம் கலக்கம் தீரத் தாமே தொடங்கினர். கண்ணகி விண்ணேகியது கண்ட குறவர் வியந்து தாமே பாடினர். கூட்டுப்பாட்டின் ஆற்றல் உள்ளத்தெழுச்சியினின்றும் வருவது. அவ்வாற்றலை விரும்புவோர் அதன் ஊற்றாகிய விருப்பத்தை அடைத்தல் கூடாது.

ஒருவனுக்கு விலக்களித்தால் அனைவரும் விலக்குக் கேட்பர். ஒழுங்கு கெடும் என்பார் மற்றொரு சாரார். கேரளத்து மூவர் பாடாமையால் ஏனையோர் பாடுதல் நின்றதில்லை. ஓசையெழுப்பிக் கெடுத்தலும் பிறரைத் தடுத்தலும் வேறு. அமைதியாக நிற்றல் வேறு. முன்னதற்குச் சட்டம் தண்டம் வைத்துள்ளது. பின்னதற்கும் அதே தண்டம் வைப்பின் இரண்டற்கும் வேற்றுமை இன்றிப் போம். திரையரங்குகளில் நாட்டுப்பண் கட்டாயம் என 2016 நவம்பரில் ஆணையிட்ட உச்சநீதிமன்றமே, 9-1-2018 அன்று அதனை விருப்பத்திற்கு விட்டது. கட்டாயத்தின் எல்லையை அரசும் நீதிமன்றமும் துய்த்தே அறிந்துள்ளன.

மொழியும் பொருளும்

எஞ்சி நிற்பது பொருளறிதல். வடசொல் மிக்க வங்கமொழியில் அமைந்த பாட்டைத் தமிழ்ப்பிள்ளை பொருளறிந்து பாடுதல் இயலுமா எனின், இயலும். சிங்கப்பூரில் நாட்டுப்பண் மலாய் மொழியிலேயே பாடப்படுகின்றது. அங்குள்ள தமிழ்ப்பிள்ளைகளும் மலாயிலேயே பாடுகின்றனர். பொருளறிதற்குத் தமிழாக்கம் உண்டு. மொழி வேறாதல் தடையன்று. பொருள் மறைதலே தடை என்பதற்கு அஃது ஒரு சான்று.

இலங்கையின் நிலை வேறு. சிங்களத்தில் ஆனந்த சமரக்கோன் இயற்றிய பண்ணைப் பண்டிதர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். விடுதலைநாள் விழாவில் 2016இல் தமிழ் வடிவம் பாடப்பெற்றது; 2020இல் அது விடப்பட்டது. பாடுதற்குக் கட்டாயப்படுத்துதல் போன்றே, பாட விரும்புவாரைத் தம்மொழியிற் பாடவிடாமையும் உள்ளத்தைப் புண்படுத்தும் என்பதை அந்நாட்டுத் தமிழர் அறிவர். இரண்டும் பாட்டைப் பாடுவோனுக்கு உரியதாக்காமல் ஆள்வோனுக்கு உரியதாக்குகின்றன.

ஆகலின் ஆசிரியர் செய்யத்தக்கன சில உள. முதலாவது, பாட்டைச் சொற்பிரித்துப் பொருள் கூறிக் கற்பித்தல். நாட்டுப்பெயர்களையும் ஆறு மலைகளையும் நிரல்பட வைத்துக் கூறும் பாட்டு அது. திராவிடம் என்னும் பெயர் அதனுள் தன் நிலத்தைக் குறிப்பது என அறியும் பிள்ளைக்குப் பாட்டு அயலதாகாது. விந்தமும் இமயமும் மலைகள் என அறிந்தவன், தன் கல்வராயன் மலையையும் கோமுகி ஆற்றையும் உடன்வைத்து எண்ணத் தலைப்படுவான். இரண்டாவது, பிழைபடப் பாடுவோனை நகைத்தலைத் தடுத்தல். மூன்றாவது, பாடாத பிள்ளையை அவையில் நிறுத்தாது தனியே அழைத்துக் காரணம் கேட்டல். நாணமாயின் பயிற்சி தருக. கொள்கையாயின் நிற்றல் போதும் எனத் தெளிவிக்க. பாட்டின் ஆசிரியராகிய தாகூரே 1916, 1917ஆம் ஆண்டுகளில் நாட்டுவெறியின் தீமையை எடுத்துரைத்துப் பன்னாட்டிற் சொற்பொழிவாற்றியவர் என்பதையும் மேல்வகுப்பு மாணாக்கர்க்குக் கூறலாம்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: பள்ளி மாணாக்கர்க்கு நாட்டுப்பண்ணைக் கற்பித்தல் வேண்டும்; பாட அழைத்தல் வேண்டும்; அவைக்கண் மதிப்புடன் நிற்க வேண்டுதலும் முறையே. பாடுமாறு கட்டாயப்படுத்தலும் பாடாமைக்குத் தண்டித்தலும் சட்டத்திற்கும் பொருந்தா. வாழ்த்து என்னும் தமிழ் மரபிற்கும் பொருந்தா.

கல்வராயன் மலையைப் பொறுத்தவரை இன்னும் ஒன்று உண்டு. வெற்றியையும் நன்மையையும் நாட்டு மக்கள் அனைவர்க்கும் வேண்டும் பாட்டு, அங்கு நாடு தந்த வாக்குறுதியாகவும் ஒலிக்கின்றது. சாலையும் மருத்துவமும் வாக்குரிமையும் காலந்தாழ்த்து ஏறிய மலை அது. பாடும் பிள்ளையின் குரலை எண்ணும் நாம், அவ்வாக்குறுதியில் எவ்வளவு நிறைவேறிற்று என்பதையும் எண்ணுதல் கடன். முன்வரிசையில் வாய் திறவாமல் நின்ற அச்சிறுவனுக்கு அன்று பிற்பகல் ஆசிரியர் ஒருவர் பாட்டைச் சொற்சொல்லாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார். மறுநாட் காலையில் அவன் பாடினானா என யாம் அறிந்திலேம். பாடியிருப்பின் அஃது அவன் பாட்டு. பாடாதிருப்பினும் அவன் நின்ற நிலையில் குறை காண்பதற்கு இல்லை.